சராசரி வருமானமும் நமது கடன் கொப்பியும்

புள்ளிவிபரம் என்றால் அது அரசாங்கத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரியது என்று நம் வியாபாரிகள் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். சரக்கு எடுக்கவும் கடன் கொடுக்கவும் முன்பு பார்க்க வேண்டிய கணக்கு அதில்தான் இருக்கிறது.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு வருமான, செலவு ஆய்வைப் பாருங்கள். இலங்கையில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. நகரத்தில் 116,670, கிராமத்தில் 69,517, தோட்டத்தில் 46,865. நாட்டுச் சனத்தொகையில் தோட்டத்துறையினர் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். ஆகவே நாட்டின் சராசரிக்குள் அவர்கள் மறைந்துவிடுகிறார்கள். நமது நுவரெலியா மாவட்டத்திலோ, 2012 குடிசன மதிப்பின்படி, பாதிக்கு மேற்பட்டோர் அவர்கள். கொத்மலையில் கடை வைத்திருப்பவர் பார்க்க வேண்டியது அந்தக் கடைசி எண்ணைத்தான்.

எண்களை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. 2016இல் தோட்டத்துறை வறுமை 8.8 வீதம் என்றார்கள். 2019க்கு 33.8 வீதம் என்றார்கள். மூன்று வருடத்தில் நான்கு மடங்கா? இல்லை. 2002ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய வறுமைக்கோட்டை விட்டு, 2012/13ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய கோட்டை எடுத்தார்கள். படிக்கல்லை மாற்றிவிட்டுப் பழைய நிறையோடு ஒப்பிட முடியாது. அதேவேளை, மூன்றில் ஒருவர் வறியவர் என்பதைப் பழைய கோடு காட்டவில்லை என்பதும் உண்மை.

2019இல் அந்தக் கோடு ஆளுக்கு மாதம் 6,966 ரூபா. நாலு பேருக்கு 27,864. பின்னர் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதமானது. உணவுப் பொருட்களில் 94.9 வீதம். 2021இல் 1000 ரூபாவாக்கப்பட்ட தோட்ட நாட்சம்பளம் அப்போதும் 1000 ரூபாதான்.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடம். ஒன்று, கொழும்பில் ஓடும் பெரிய பக்கற் இங்கே தட்டில் தூசு பிடிக்கும். கோதுமை மா, பருப்பு, சீனியைச் சிறு அளவில் கட்டி வைப்பவருக்கே ஓட்டம். இரண்டு, கடன் எல்லையைச் சராசரியைப் பார்த்துப் போடாமல், அந்தக் குடும்பத்தில் எத்தனை பேருக்கு, மாதம் எத்தனை நாள் வேலை என்று கேட்டுப் போடுங்கள். தாங்க முடியாத கடன் கொடுத்தால் அவர்களுக்கும் பாரம், நமக்கும் நட்டம்.

கொடுத்த பின் கஷ்டப்பட்டவருக்கு அவகாசம் கொடுக்கும்படி சூரா அல்-பகராவின் 280ஆம் வசனம் நமக்குச் சொல்கிறது. யாருக்கு உண்மையிலேயே கஷ்டம் என்பதை அறியவும் இந்தக் கணக்கு உதவும், இன்ஷா அல்லாஹ்.