கோப்பை யார் மூடுவது?

ஒரே கோப்பை நிரலின் நான்கு பகுதிகள் பயன்படுத்தினால், அதை மூடும் பொறுப்பு யாருடையது? முதலில் வேலை முடித்த பகுதி மூடினால் மற்றவை தவிக்கும். யாருமே மூடாவிட்டால் கோப்பு திறந்தே கிடக்கும். நினைவகத்துக்கு இதே சிக்கல் வந்தபோது, 1960இல் ஜார்ஜ் காலின்ஸ் சொன்ன வழி: பயன்படுத்துவோரை எண்ணு. பிடிக்கும்போது ஒன்று கூட்டு, விடும்போது ஒன்று கழி, சுழியம் வந்தால் விடுவி. பைத்தான் மொழியின் வழக்கமான செயலாக்கமான சிபைத்தான் இன்றும் இப்படித்தான் இயங்குகிறது. கோப்பைச் சுட்டும் கடைசி மாறி மறைந்ததுமே கோப்பும் மூடிக்கொள்ளும்.

பிறகு கோப்பை மூடும் 'குளோஸ்' கட்டளை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான், ஆனால் அந்த எண்ணிக்கை நம் பிடியில் இல்லை. இரு பொருள்கள் ஒன்றையொன்று சுட்டினால் அவற்றின் எண்ணிக்கை சுழியத்தைத் தொடவே தொடாது. அதற்காகத்தான் 2000இல் பைத்தான் 2.0 தனியாகக் குப்பை சேகரிப்பானைச் சேர்த்தது. பைத்தானின் இன்னொரு செயலாக்கமான பைபையோ எண்ணுவதே இல்லை. சேகரிப்பான் என்றாவது வந்து பெருக்கிவிடுமே என்ற சமாதானம் நினைவகத்துக்குச் சரி, கோப்புக்குச் சரிவராது. பொருள்கள் பெருகினால்தான் அது விழிக்கும். கோப்புகள் தீர்ந்துபோவது அதன் கண்ணில் படாது. பல லினக்ஸ் கணினிகளில் ஒரு நிரலுக்கு இயல்பான வரம்பு 1024 திறந்த கோப்புகள். அதைத் தாண்டினால், ஜிகாபைட் கணக்கில் நினைவகம் காலியாக இருந்தும் நிரல் விழுந்துவிடும். பைத்தானில் 2006இல் வந்த 'வித்' கூற்று மூடும் இடத்தை வெளிப்படையாக்கியது. பகிர்ந்த கோப்புக்கு அது மட்டும் போதாது என்பதும் உண்மையே. அங்கே கோப்பைத் திறந்து தரும் நூலகமே எண்ணிக்கை வைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கைப்பிடி தர வேண்டும். ஒரே கைப்பிடியை இருமுறை மூடினாலும் கணக்கில் ஒன்றுதான் குறைய வேண்டும்.