சும்மா கிடக்கும் பின் சும்மா இருக்காது

பாறசாலையில் எங்கள் கடைக் கணக்குப் புத்தகத்தில் எழுதாத இடத்தைக் கோடு போட்டு அடைத்துவிடுவோம். திறந்து கிடந்தால் யாரும் எதையும் எழுதலாமே! பிராசஸருக்கு மின்சாரம் பங்கிடும் பவர் சில்லுக்கும் இதே நியாயம்தான்.

2013-இல் வந்த பீகிள்போன் பிளாக் பலகையைப் பாருங்கள். அதிலுள்ள டி.பி.எஸ். 65217 சில்லு, பிராசஸரின் உட்பகுதிக்கு 1.1 வோல்ட், நினைவகத்துக்கு 1.5 வோல்ட் என்று அளந்து கொடுக்கிறது. பேட்டரி சார்ஜரும், திரைவிளக்கை எரிய வைக்கும் பகுதியும் அதற்குள் உண்டு. பலகையோடு பேட்டரியும் வராது, திரையும் வராது. இப்படி மிஞ்சும் பின்களை என்ன செய்வது?

இன்புட் பின்னை அந்தரத்தில் விடக்கூடாது. பக்கத்துக் கம்பியின் இரைச்சலுக்கே அது 0, 1 என்று தடுமாறும். என் பேரன் செய்த பலகை, கை கிட்டே போனாலே நின்றுபோகும். தேவையில்லாத ரெகுலேட்டரின் எனேபிள் பின்னை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டில் கட்டினான், சரியாயிற்று.

அவுட்புட் பின் நேர்மாறு. கிரவுண்டில் கட்டினால் ஷார்ட் ஆகும். பொதுவாகத் திறந்தே விட வேண்டும். பயன்படாத ரெகுலேட்டராக இருந்தாலும், அதன் சப்ளை பின்னைச் சில சில்லுகளில் சப்ளையோடு சேர்த்தே ஆகவேண்டும். ஆகவே கடைசித் தீர்ப்பு டேட்டாஷீட்டுடையது. பிள்ளைகளே, அதை வாசித்த பிறகே பலகை வரையுங்கள். ரெசிஸ்டரில் மிச்சம் பிடிக்கப்போய்ப் பலகையை இழக்காதீர்கள்.