தீயில்லாமல் வெந்நீர்

பாய்லர் என்றால் நம்மவர் வீடுகளில் தாமிரத்தில் செய்த அந்த உயரமான வெந்நீர்ப் பாத்திரம்தான் நினைவுக்கு வரும். நடுவில் ஒரு குழல். அதனுள் சிரட்டை, கதம்பை, கொதும்பு, விறகுத் துண்டு. குழலைச் சுற்றித் தண்ணீர். அடியில் சாம்பல் விழும் தட்டு, பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய். எங்கள் வீட்டில் இருந்தது தாத்தா காலத்துப் பாய்லர். சென்ற ஆண்டு அதை நிறுத்திவிட்டு ‘ஹீட் பம்ப்’ என்னும் மின் கருவியை வைத்தோம். அது என்ன, எவ்வளவு ஆயிற்று, நமக்கும் ஒத்துவருமா என்று சங்கக் கூட்டங்களில் அன்பர்கள் பலர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட நம் இதழில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் வீடு செங்கல் பஞ்சாயத்தில் இருக்கிறது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, உதியன்குளங்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வரவேண்டும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கு இப்பால் நின்றுபோன தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தென்னையும் பிலாவும் சூழ்ந்த ஊராதலால் விறகுக்குப் பஞ்சமில்லை. ஆகவே வெந்நீருக்குச் செலவே இல்லை என்றுதான் வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

புகையின் விலை

அந்தச் செலவை அம்மாவின் நெஞ்சு செலுத்திக்கொண்டிருந்தது. எழுபத்து நான்கு வயதிலும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பின்புறச் சாய்ப்பில் பாய்லரை மூட்டுவது அவர்தான். மழைக்காலத்தில் கதம்பை நனைந்திருக்கும். ஊதி ஊதித்தான் பற்றவைக்க வேண்டும். இரவில் இருமல் வந்து எழுந்து உட்காருவது வழக்கமாயிற்று. மருத்துவர் மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு, “முதலில் புகையை நிறுத்துங்கள்” என்றார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. வீட்டுக்குள் விறகு, கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றை எரிப்பதால் வரும் காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. சமையலுக்குக் காஸ் வந்த பிறகும் குளியலுக்கு விறகு எரிக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அடுப்பங்கரையை விட்டு வெளியேறிய புகை குளியலறைப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இந்தக் கருவி செய்யும் வேலை

கருவியைக் கொண்டுவந்து இறக்கிய அன்று அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மக்களே, தீ இல்லாம தண்ணி எப்பிடிச் சூடாவும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

வீட்டு ஃபிரிட்ஜின் பின்புறத்தையோ பக்கவாட்டையோ தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே வைத்த பண்டங்களிலிருந்து எடுத்த வெப்பத்தைத்தான் அது வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் அதே வேலையைத் திசைமாற்றிச் செய்கிறது. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தொட்டித் தண்ணீருக்குள் தள்ளுகிறது.

அதற்கு உதவுவது குழாய்களுக்குள் ஓடும் ஒரு திரவம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இந்தத் திரவமோ சுழியத்துக்கும் கீழே, கடுங்குளிரிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே நம் ஊரின் 28 டிகிரிக் காற்றே அதற்கு அடுப்பாகிறது. காற்றின் வெப்பத்தை வாங்கி ஆவியான அதனைக் கம்பிரஸர் அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைப் போல, அழுத்தப்பட்ட ஆவி மிகுந்த சூடாகிறது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய குழாயில் சென்று வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. பிறகு ஒரு குறுகலான வழியே வெளிப்பட்டு அழுத்தம் குறைந்து குளிர்ந்து, மறுபடியும் காற்றிடம் வெப்பம் வாங்க வருகிறது.

இங்கே மின்சாரம் வெப்பத்தை உண்டாக்குவதில்லை; இருக்கும் வெப்பத்தைச் சுமந்துவரும் கூலியாள்தான் அது. ஒரு யூனிட் மின்சாரம் செலவிட்டால் மூன்று, மூன்றரை யூனிட் வெப்பம் தண்ணீருக்குக் கிடைப்பது இதனால்தான். சாதாரண கீஸரில் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பந்தான், அதற்குமேல் கிடையாது.

இதில் நம் ஊர் ஈரக்காற்றுக்கு ஒரு தனி நன்மை உண்டு. குளிர்ந்த சுருள்குழாயில் பட்டுக் காற்றிலுள்ள நீராவி தண்ணீராகும்போது, தன்னிடமுள்ள வெப்பத்தையும் விட்டுச்செல்கிறது. நம்மை வியர்க்கவைத்து வாட்டும் அதே புழுக்கம் இந்தக் கருவிக்கு உணவாகிறது.

தத்துவம் பழையது. 1852லேயே கெல்வின் பிரபு என்று பின்னாளில் புகழ்பெற்ற வில்லியம் தாம்சன், இவ்வகையில் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று எழுதினார். சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர மண்டபத்தை 1930களின் இறுதியிலேயே, பக்கத்தில் ஓடும் ஆற்று நீரின் வெப்பத்தை எடுத்து இவ்வாறு சூடாக்கினார்கள்.

வரவு செலவுக் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி வேண்டும். இந்த ஒரு எண் தெரிந்தால் போதும். எந்த வியாபாரியின் பேச்சையும் நாமே சரிபார்க்கலாம்.

எங்களுடையது கூட்டுக் குடும்பம். பதினோரு பேர். குளியலுக்கும் சமையலறைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 300 லிட்டர் வெந்நீர் தேவைப்படுகிறது. 27 டிகிரித் தண்ணீரை 52 டிகிரிக்கு, அதாவது 25 டிகிரி உயர்த்தவேண்டும். 300ஐ 25ஆலும் 1.16ஆலும் பெருக்கினால் 8,700 வாட்-மணி, அதாவது 8.7 யூனிட். கீஸரில் ஒரு நாளைக்கு ஆகும் மின்சாரம் இது. ஹீட் பம்பில் ஏறத்தாழ 2.6 யூனிட்.

கேரளத்தில் இந்த வித்தியாசத்துக்கு ஒரு கூடுதல் பொருளும் உண்டு. மாத உபயோகம் 250 யூனிட் வரைதான் படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விகிதம். 8.7 யூனிட் வீதம் முப்பது நாளைக்கு 261 யூனிட். விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ் எதையும் கணக்கில் சேர்க்காமல், வெந்நீர் மட்டுமே எங்களை அந்தக் கோட்டுக்கு மேலே கொண்டுபோயிருக்கும். ஹீட் பம்பில் அது 78 யூனிட்டோடு நிற்கிறது.

எங்களுக்கு 200 லிட்டர்த் தொட்டியோடு கூடிய கருவி, குழாய் வேலை, மின் வேலை எல்லாம் சேர்த்து ரூ. 1,60,000 ஆயிற்று. தண்ணீரை நாளுக்கு இருமுறை சூடாக்கிக்கொள்கிறோம். இதற்குப் பதிலாக மூன்று கீஸர் வைத்திருந்தால் ரூ. 30,000 ஆகியிருக்கும். மாதம் 183 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு ஏழு ரூபாய் என்று வைத்தால் சுமார் ரூ. 1,280. கூடுதலாகப் போட்ட பணம் திரும்ப எட்டரை ஆண்டு ஆகும்.

இனிச் சிறிய குடும்பத்தைப் பார்ப்போம். நான்கு பேர், 80 லிட்டர் என்றால், மாத மிச்சம் ஐம்பது யூனிட்டுக்குள்தான். ரூபாயில் 340 அல்லது 350. கருவிக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்தால், அது திரும்புவதற்கு இருபத்து நான்கு ஆண்டு வேண்டும். அதற்குள் கருவியின் ஆயுள் முடிந்துவிடும். ஆகவே சிறிய குடும்பத்தார் அயல்வீட்டில் வைத்தார்கள் என்பதற்காக இதை வாங்கவேண்டியதில்லை. நிழல் விழாத மொட்டை மாடி உள்ளவர்களுக்குச் சூரிய ஹீட்டர் இதைவிட மலிவு. எங்கள் கூரைமேல் நாள் முழுவதும் தென்னை நிழல். இடவப்பாதியில் வெயிலே கிடையாது. அதனால்தான் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

வைப்பவர்கள் கவனிக்கவேண்டியவை

1. காற்றோட்டம்: காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் கருவியை அடைத்த அறையில் வைத்தால், அறைதான் குளிரும், தண்ணீர் சூடாகத் தாமதமாகும். எங்கள் சாய்ப்பின் இரண்டு பக்கச் சுவரை இடுப்பளவுக்கு இடித்துக் கிராதி போட்டோம். ஃபேன் சத்தம் இருக்குமாதலால் படுக்கையறைச் சன்னலோரம் வேண்டாம்.

2. வடியும் நீர்: மழைக்காலத்தில் சுருளிலிருந்து நிறையத் தண்ணீர் சொட்டும். கருவி ஒழுகுகிறது என்று பயப்படவேண்டாம். ஒரு குழாய் வைத்து வாழைமூட்டுக்கு விட்டுவிடலாம்.

3. கிணற்று நீர்: வெட்டுக்கல் பூமியில் கிணற்று நீர் பெரும்பாலும் அமிலத் தன்மை கொண்டது. அது தொட்டியை அரிக்கும். நீரைப் பரிசோதித்துவிட்டு அதற்கேற்ற தொட்டியைக் கேளுங்கள். உள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைவதே அதன் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்து, கரைந்திருந்தால் மாற்றவேண்டும்.

4. மின்சாரம்: நல்ல எர்த், ஈ.எல்.சி.பி., தனி வயர் மூன்றும் கட்டாயம். மாலைநேரத்தில் வோல்டேஜ் குறையும் இடங்களில் ஸ்டெபிலைசரும் வேண்டும். சித்திரையிலும் துலாமழையிலும் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அணைத்துவிடுவது நல்லது.

5. நேரம்: இது கீஸரைப் போலப் பத்து நிமிடத்தில் சூடாக்காது, ஒரு தொட்டிக்குச் சில மணி நேரம் ஆகும். முதல்முறையாவது நண்பகலில் ஓடவிடுங்கள். அப்போது காற்று வெப்பமாக இருப்பதால் மின்சாரம் குறையும். மாலை 6 முதல் இரவு 10 வரை மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தையும் தவிர்க்கலாம்.

6. சூட்டின் அளவு: வெதுவெதுப்பான நீர் நாள்கணக்கில் தேங்கினால் லீஜியோனெல்லா என்னும் கிருமி வளரும், அது கடுமையான நுரையீரல் அழற்சியைத் தரவல்லது. வாரம் ஒருமுறை தொட்டி நீரை 60 டிகிரிக்கு ஏற்றுங்கள். அன்று குழந்தைகளைத் தனியே குழாய் திறக்க விடாதீர்கள்.

பழைய பாய்லரை நாங்கள் விற்கவில்லை. அண்ணன் மகளின் பேறுகாலத்தில் இலைகள் போட்டுக் கொதிக்கவைத்த வேது தண்ணீர் வேண்டியிருந்தது. 60 டிகிரித் தண்ணீர் அதற்கு உதவாது. பாய்லரைப் பிலாமரத்தடியில், திறந்த வெளியில் வைத்து மூட்டினோம். மின்சாரம் நாள் முழுவதும் இல்லாத சமயத்திலும் அது கைகொடுக்கும். ஆனால் தினமும் புகைக்குள் குனிவது நின்றுவிட்டது. அம்மாவின் இருமல் முற்றும் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். இரவில் எழுந்து உட்காருவது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

குளிர்நாடுகளில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு

இங்கிலாந்தில் பாய்லர் என்றால் வீடு முழுவதையும் சூடாக்கும் காஸ் கருவி. அதை மாற்றி ஹீட் பம்ப் வைப்பவர்களுக்கு இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2022 மே மாதம் அரசு மானியம் தொடங்கியது. காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வகைக்கு 5,000 பவுனாக இருந்த அந்தத் தொகை 2023 அக்டோபரில் 7,500 பவுனாக உயர்ந்தது. எனினும் அங்கே கணக்கு வேறு. மின்சாரம் யூனிட்டுக்குக் காஸைவிடச் சுமார் நான்கு மடங்கு விலை. ஆகவே கருவி மூன்று மடங்கு வெப்பம் தந்தாலும் பில் குறையும் என்று உறுதி சொல்ல முடியாது. முதலில் கூரையிலும் சுவரிலும் வெப்பம் கசியாமல் அடைக்கவேண்டும். ஹீட் பம்ப் காஸ் பாய்லரைவிடக் குறைந்த சூட்டில் நீரை அனுப்புமாதலால், சில அறைகளில் பெரிய ரேடியேட்டர் தேவைப்படலாம். இவற்றை அளந்து பார்க்காமல் விலை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்கவேண்டாம் என்று பிள்ளைகளுக்கு எழுதுங்கள்.

அங்கேயும் இங்கேயும் விதி ஒன்றுதான். கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு வாரம் வெந்நீர் வாளிகளை எண்ணுங்கள். ஆள் எத்தனை, வாளி எத்தனை, வாளிக்கு எத்தனை லிட்டர் என்று ஒரு தாளில் எழுதி 25ஆலும் 1.16ஆலும் பெருக்குங்கள். வரும் வாட்-மணியை ஆயிரத்தால் வகுத்தால் ஒரு நாளின் யூனிட் கிடைக்கும். அது ஆறுக்குமேல் இருந்தால் ஹீட் பம்பைப் பற்றி விசாரிக்கலாம். இரண்டு, மூன்று என்றால் கீஸரோ சூரிய ஹீட்டரோ போதும். எதை வாங்கினாலும், வீட்டுக்குள் எரியும் விறகை முதலில் வெளியேற்றுங்கள். என் கணக்கு நோட்டை அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். ஐயம் உள்ளவர்கள் தங்கள் தாளோடு வாருங்கள். சேர்ந்து கணக்குப் போடுவோம்.