சலவை இயந்திரம்: திருத்துவதா, மாற்றுவதா?

"நானா, மெஷின் சத்தம் போடுது. திருத்துறதா, புதுசு எடுக்கிறதா?" கடைக்கு வருவோர் அடிக்கடி கேட்பது இது. புதியதை விற்றால் எனக்கு லாபம்தான். ஆனாலும் எங்கே பழுது என்றே முதலில் விசாரிப்பேன்.

தண்ணீர் வெளியேறவில்லையா? பிளக்கைக் கழற்றிவிட்டு வடிகட்டியைப் பாருங்கள். நாணயமோ ஊசியோ சிக்கியிருக்கலாம். பெல்ட், பம்ப் போனாலும் மாற்றிவிடலாம், பெரிய செலவல்ல.

பிழியும்போது இரைச்சல் எழுந்து, பின்பக்கம் துருநீரும் கசிந்தால் பெரும்பாலும் பெயாரிங்தான். சில மெஷின்களில் தொட்டியைப் பிரிக்கவே முடியாது. முழுத் தொட்டியையும் மாற்ற வேண்டும், அது பெருஞ்செலவு.

என் வீட்டு மெஷினுக்கு ஒன்பதாம் வருடம் பெயாரிங் மாற்றினேன். பிறகு போர்ட் போனது. "இவ்வளவு செலவழித்தாயிற்றே" என்று அதையும் மாற்றினேன். மூன்றாம் மாதம் மோட்டார் எரிந்தது. இரண்டு பில்களும் சேர்ந்து புதியதன் பாதி விலையைத் தாண்டிவிட்டன. வியாபாரியான நானே கணக்கில் தவறினேன்.

போன பணம் போனதுதான். இனிப் போகவிருப்பதை மட்டும் கணக்கிடுங்கள். கூலியும் உதிரிப்பாகமும் புதியதன் பாதி விலையை நெருங்கி, மெஷினும் எட்டு வருடம் கடந்திருந்தால் விட்டுவிடுங்கள். இல்லையேல் திருத்துங்கள். எதற்கும் வேலை தொடங்குமுன் விலையை எழுதி வாங்குங்கள்.