"தெரியாது"ன்னு சொன்னா அதுவும் ஒரு க்ளூ

ஆப்டிட்யூட் டெஸ்ட்ல "A சொன்னான், B சொன்னான்"னு கேள்வி வந்தா உடனே ஸ்கிப் பண்ற ஆளா நீங்க? நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரே மார்க்ல ஒரு கம்பெனியோட கட்-ஆஃப் போனப்புறம்தான் உறைச்சது. அன்னைக்கு மறைமலைநகர்ல ட்ரெயின் ஏறினதுலேர்ந்து தாம்பரம் வரைக்கும், நாங்க நாலு பேரும் ஒரு சிங்கப்பூர்க் கணக்கை வச்சு சண்டை போட்டோம்.

2015 ஏப்ரல்ல அங்க நடந்த கணித ஒலிம்பியாட்ல, நம்ம ஒன்பதாவது, பத்தாவது வயசுப் பசங்களுக்குக் கேட்டது. ஃபேஸ்புக்ல பரவி உலகமே மண்டையை உடைச்சுக்கிச்சு.

செரிலோட பிறந்தநாள் இந்தப் பத்துல ஒண்ணு: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. ஆல்பர்ட்கிட்ட மாசத்தை மட்டும் சொல்றா, பெர்னார்ட்கிட்ட எண்ணை மட்டும்.

ஆல்பர்ட்: "எனக்குத் தெரியாது. பெர்னார்டுக்கும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."
பெர்னார்ட்: "முதல்ல தெரியல. இப்போ தெரிஞ்சிடுச்சு."
ஆல்பர்ட்: "அப்போ எனக்கும் தெரிஞ்சிடுச்சு."

கீழே படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க.

விஷயமே முதல் வரியிலதான் இருக்கு. 18, 19 ரெண்டும் ஒரே ஒரு தடவைதான் வருது. அதுல ஒண்ணு கிடைச்சிருந்தா பெர்னார்ட் அப்பவே கண்டுபிடிச்சிருப்பான். மாசம் மேன்னா, "அவன்கிட்ட 19 இருக்குமோ"ன்னு ஆல்பர்ட்டுக்குச் சந்தேகம் வரணும், ஜூன்னா 18. அவனுக்குச் சந்தேகமே இல்லையே! அதனால மே, ஜூன் ரெண்டும் முழுசா அவுட்.

நான் சறுக்கினது இங்கதான். 18, 19-ஐ மட்டும் அடிச்சேன். ஜூன்ல 17 மட்டும் மிஞ்சுச்சு. அதுவா இருந்தா ஆல்பர்ட்டுக்கே தெரிஞ்சிருக்கும்னு அதையும் அடிச்சு, ஆகஸ்ட் 17-ல போய் நின்னேன். பெர்னார்டுக்குத் தெரியாதுங்கிறதை யாரோ ஆல்பர்ட்கிட்ட வந்து சொன்ன மாதிரி எடுத்துக்கிட்டேன். யாருமே சொல்லல. கையில இருக்கிற மாசத்தை மட்டும் வச்சு அவனே அடிச்சுச் சொல்றான். (2015-லயும் பல பேர் இதே விடைக்கு வாதாடியிருக்காங்க. ஒரு ஆறுதல்.)

மீதி ஈஸி. ஜூலை, ஆகஸ்ட்ல பெர்னார்ட் கண்டுபிடிச்சுட்டான்னா அது 14 இல்ல. இப்போ ஆகஸ்ட்ல ரெண்டு, ஜூலைல ஒண்ணு. ஆல்பர்ட்டுக்கும் தெரிஞ்சிடுச்சுன்னா, ஜூலை 16.

இப்போ வரிசையை மாத்துங்க. பெர்னார்ட் முதல்ல "எனக்குத் தெரியல"ங்கிறான். ஆல்பர்ட் "எனக்கும் தெரியல"ங்கிறான். உடனே பெர்னார்ட் "இப்போ தெரிஞ்சிடுச்சு"ங்கிறான். பட்டியல் அதேதான், ஆனா விடை ஆகஸ்ட் 17! கூடுவாஞ்சேரி தாண்டினப்போ ஃப்ரெண்ட் இதைக் காட்டினான். நான் போட்ட கணக்கு சரிதான், கேட்ட கேள்விதான் வேற.