காளைகள் கட்டியிருந்த வீட்டில் ஓர் ஆய்வாளர்

பெங்களூரின் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தில் 1972-இல் சேர்ந்த சமூகவியலாளர் எம்.என்.ஸ்ரீனிவாஸ், அதற்கு முன்பே 1948-இல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பல மாதம் தங்கியவர். ராம்புரா என்பது அந்த ஊருக்கு அவர் வைத்த புனைபெயர். ஊர்த்தலைவரின் காளைகள் கட்டியிருந்த வீட்டில்தான் ஜாகை. சாதியை ஏட்டில் படித்தவர்களுக்கு நான்கு வருணப் படிக்கட்டுதான் தெரிந்தது. யார் யாரிடம் கடன் வாங்குகிறார், எந்தச் சண்டைக்கு யார் பஞ்சாயத்து என்பது திண்ணையில் உட்கார்ந்தவருக்குத்தான் பிடிபட்டது. 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் அவருடைய ஆய்வுக் குறிப்புகள் கருகின. பெரிதும் நினைவை நம்பி ராம்புராவைப் பற்றி அவர் எழுதிய நூல் 1976-இல் வந்தது. கூட வாழாதவருக்கு அப்படி எழுத என்ன மிஞ்சியிருக்கும்?

கலந்து பழகினால் நடுநிலை போய்விடும் என்பார்கள். பாதி உண்மை. ஆனால் விலகி நிற்பவரையும் ஊர் சும்மா விடுவதில்லை. கணக்கெடுக்க வந்த சர்க்கார் ஆள் என்று நினைத்து அதற்கேற்ற பதிலைச் சொல்லும். இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு: எவ்வளவு பங்கேற்பது என்பதை ஆய்வாளர் தனியாக முடிவு செய்ய முடியாது. ஸ்ரீனிவாஸ் பிராமணர், தலைவரின் விருந்தாளி. ஆகவே மேல்சாதிக்காரர்களின் திண்ணை எளிதாகத் திறந்தது, தலித் தெரு அந்த அளவுக்குத் திறக்கவில்லை. இந்தக் குறையை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். தலித் தெருவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தால் அதே ராம்புரா வேறு ஊராகத் தெரிந்திருக்கும். அதனால், ஆய்வாளர் கலந்துகொள்ளட்டும். எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதட்டும்.