தாருக்குக் கீழே என்ன இருக்கிறது?

திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் இருக்கிறது அடி அண்ணாமலை என்ற ஊர். அவ்வழியே பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடந்தும் தார்ச்சாலை பெயர்வதில்லை. அதைப் பெயர்ப்பவை கனரக வண்டிகளும் தண்ணீரும்தான். ஏன்?

தார் வெறும் மேல்தோல். சக்கரத்தின் பாரம் ஜல்லி வழியே கூம்பாக விரிந்து மண்ணில் இறங்குகிறது. அச்சுப் பாரம் இரு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. தண்ணீரில் ஊறிய மண் அந்தப் பாரத்தைத் தாங்காமல் அமுங்கும். மேலே தார் வெடிக்கும்.

எப்படித் தடுப்பது? வீட்டு வாசல் பாதைக்கும் முறை ஒன்றே. வேரையும் மேல்மண்ணையும் அகற்றி, அளவான ஈரத்தில் ரோலர் ஓட்டி மண்ணை இறுக்குங்கள். அதன்மேல் பெரிய ஜல்லி, இடுக்குகளை நிரப்பச் சிறு ஜல்லி, கிரஷர் தூள் என அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்குங்கள். மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு இருந்தால் மழைநீர் தேங்காது. கண்ணுக்குத் தெரியாத அந்த அடித்தளம்தான் சாலையின் ஆயுள்.